நிலமும் பொழுதும் கருவியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கவிதை பேசும் அவையில் காமிராவைப் பற்றி ஓர் உரையா என்னும் வியப்பு சிலருக்கு எழலாம். தமிழ் எழுத்துக்கும் காமிராவுக்கும் உள்ள உறவு புதியதன்று. 'உலகம் சுற்றும் தமிழன்' என்று போற்றப்பெற்ற ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்றவர். காந்தியடிகளைப் பற்றிய வரலாற்றுப் படத்தைப் பல நாடுகளில் அலைந்து திரட்டி 1940இல் வெளியிட்டவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912-1996) தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர் பற்றி எழுதியவர். கறுப்பு வெள்ளைப் படங்களால் யானையின் வாழ்வைப் பதிவு செய்தவர். கடையில் விற்ற காமிரா எதுவும் தம் தேவைக்கு முழுதும் பொருந்தவில்லை என்று கண்ட அவர், வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தமக்கென ஒன்றை அமைத்துக்கொண்டார். 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்கு வேடிக்கையாகப் பெயரும் இட்டார். காட்டையும் விலங்கையும் நன்கு அறிந்த பிறகே அவர் கருவியைத் தேடினார் என்பது கருதத்தக்கது.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழும் கவிஞர் ஒருவர் இன்று நல்ல காமிரா ஒன்று வாங்க விரும்புகிறார் எனக் கொள்வோம். முழுச்சட்ட டி.எஸ்.எல்.ஆர். வாங்குக என்று நண்பர் ஒருவர் கூறுகிறார். அது வேண்டாத செலவு என்கிறார் மற்றொருவர். கடைக்காரரோ விலை மிகுந்ததையே எடுத்து வைக்கிறார். இம்மூவருள் எவர் சொல்வது சரி? இவ்வினாவுக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

விருத்தாசலம் தந்த பாடம்

படம் எடுப்பது பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் ஒரு நிகழ்ச்சியை நினைவிற்கொள்ள வேண்டும். 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரியும்வரை விழுப்புரம், திண்டிவனம், விருத்தாசலம் ஆகிய மூன்றும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்களே. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலிலிருந்த அர்த்தநாரீசுவரர் கற்சிலை களவு போயிற்று. அதனை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004இல் விலை கொடுத்து வாங்கியது. அச்சிலை விருத்தாசலத்துக்கே உரியது என்று காட்டுவதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் சான்றாக நின்றன. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது.

கோயில் சுவரின் மாடத்தில் நின்ற அச்சிலையைப் படமெடுத்தவர், அது ஒருநாள் கடல் கடந்து செல்லும் என்று எண்ணியிருக்கமாட்டார். ஆயினும் பொறுமையாக, நேர்நின்று, தெளிவாக எடுத்தார். எடுத்ததை ஊர்ப்பெயருடன் ஆவணத்தில் சேர்த்தார். பல ஆண்டுகள் கழித்து அந்தத் தெளிவும் அந்தக் குறிப்புமே சிலையை மீட்டுத் தந்தன. படம் மங்கலாக இருந்திருப்பின், அல்லது குறிப்பின்றி இருந்திருப்பின், வழக்கு எந்நிலையில் நின்றிருக்கும் என்பதை அவையினர் எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர் சென்னை மாகாணத்துக் கோயில்களைப் படமெடுத்தார். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். அக்கல்வெட்டுகளின் வாசகங்களை 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியாக ஹுல்ச் அச்சிடத் தொடங்கியது 1891இல்தான். எழுத்து அச்சேறுவதற்கு 33 ஆண்டுகள் முன்பே படம் அதைக் காத்துவிட்டது. டிரைப் கையாண்ட எதிர்ப்படிவத் தாள்கள் ஓரடிக்கு மேற்பட்ட அகலமுடையவை. பெரிய பரப்பில் ஒளியை ஏற்றால் நுண்மை மிகும் என்னும் அந்தப் பழைய உண்மையின் இன்றைய வடிவமே முழுச்சட்டக் காமிரா.

முழுச்சட்டம் என்பது யாது?

ஆஸ்கர் பர்னாக் என்பவர் வடிவமைத்த லைக்கா காமிரா 1925இல் விற்பனைக்கு வந்தது. திரைப்படச் சுருளைப் பயன்படுத்திய அதன் ஒவ்வொரு படமும் 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உடையது. பிலிம் மறைந்து அதன் இடத்தில் சென்சார் எனப்படும் ஒளியுணரி வந்தபோது, அதே அளவுடைய ஒளியுணரியை 'முழுச்சட்டம்' என்று வழங்கலாயினர். அதன் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். விலை குறைந்த டி.எஸ்.எல்.ஆர். காமிராக்களில் உள்ள சிறிய ஒளியுணரியின் பரப்பு ஏறத்தாழ 330 முதல் 370 வரை. அதாவது, முழுச்சட்டம் இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது.

டி.எஸ்.எல்.ஆர். என்பதில் லென்ஸ் வழியே வரும் ஒளியை ஒரு கண்ணாடி மேல்நோக்கித் திருப்பிக் கண்ணுக்குக் காட்டுகிறது. பொத்தானை அழுத்தும்போது கண்ணாடி மேலெழ, ஒளி உணரியின்மீது படிகிறது. முழுச்சட்ட டி.எஸ்.எல்.ஆர். 2002இல் கடைக்கு வந்தது. கேனான் நிறுவனத்தின் 5டி 2005இல் வந்தபின் எளிய ஒளிப்படக்காரர் சிலருக்கும் அது எட்டலாயிற்று. கேனான், நிக்கான் ஆகிய இரு நிறுவனங்களும் 2020க்குப் பின் புதிய முழுச்சட்ட டி.எஸ்.எல்.ஆர். எதையும் வெளியிடவில்லை, கண்ணாடியில்லாக் காமிராக்களின் பக்கம் திரும்பிவிட்டன. இதனால் டி.எஸ்.எல்.ஆர். பயனற்றதாகிவிடவில்லை. ஒருவர் கைவிட்ட நல்ல கருவி இன்னொருவர் கைக்குக் குறைந்த விலையில் வருகிறது. ஊதியத்தை எண்ணிச் செலவிடும் ஆசிரியருக்கும் கவிஞருக்கும் இது நற்பேறு என்றே கொள்ளலாம்.

திணை அறிந்து தேர்தல்

தொல்காப்பியர் முதற்பொருள் என்று வகுத்தது நிலத்தையும் பொழுதையும். கருப்பொருளும் உரிப்பொருளும் அவற்றைச் சார்ந்தே அமைகின்றன. காமிராத் தேர்வுக்கும் இவ்வரிசையே பொருந்தும். எந்நிலத்தில், எப்பொழுதில், எதனைப் படமெடுக்கப் போகிறோம் என்பது முதலில் முடிவாக வேண்டும். எந்தக் கருவி என்பது அதன் பின்னரே. விழுப்புரமும் திண்டிவனமும் சூழ்ந்த நிலப்பகுதியே இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டுகளை வைத்திருக்கிறது.

முதலாவது, குடைவரை. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி அமைத்த கோயில் என்று மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமிதம் கொண்டது மண்டகப்பட்டில். தளவானூர்க் குடைவரையின் தூணொன்றில் தமிழ்ப் பாட்டொன்றே பொறிக்கப்பெற்றுள்ளது. இலக்கிய வட்டத்தார் கண்ணாரக் காணவேண்டிய கல் அது. இவ்விடங்களில் இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. முகப்பில் வெயில் கொளுத்துகிறது. உள்ளே இருள் கப்பிக் கிடக்கிறது. வெளிச்சத்துக்கு அளந்தால் உட்புறம் கரியாகிறது. இருளுக்கு அளந்தால் முகப்பு வெண்மையாய் அழிகிறது. பெரிய ஒளியுணரி இவ்விரு எல்லைகளையும் கூடுதலாகத் தாங்கும். படத்தைச் சுருக்காத 'ரா' வடிவில் எடுத்து, பிறகு கணிப்பொறியில் இருட்பகுதியை உயர்த்தும்போது இவ்வேறுபாடு புலனாகும்.

அடுத்த இடர்ப்பாடு இடநெருக்கடி. மண்டபத்தினுள் பின்வாங்கி நிற்க வழியில்லை. 24 மில்லிமீட்டர் லென்ஸ் முழுச்சட்டத்தில் தன் முழு அகலத்தையும் காட்டும். சிறிய ஒளியுணரியிலோ அது 36 மில்லிமீட்டர் லென்சு போலக் குறுகிவிடும். தூணின் பாட்டைப் படிக்கும்படி எடுப்பதற்குக் காமிராவைவிட ஒளியின் திசையே முதன்மையானது. நேர் ஒளியில் எழுத்து மறையும். பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழும் ஒளியில் வெட்டுவாய்கள் நிழல் கொண்டு எழுத்து எழுந்து நிற்கும். செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில் இரு வரிசையாக அமைந்த 24 தீர்த்தங்கரர் உருவங்களுக்கும் இது பொருந்தும். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரைக் குறிக்கும் அக்குன்றின் பழங்கல்வெட்டுக்கும் அவ்வாறே. அத்தகைய ஒளிக்குக் காத்திருக்கும் பொறுமையை எந்த நிறுவனமும் விற்பதில்லை.

இரண்டாவது, ஓவியம். இராசசிம்மன் எடுப்பித்த பனைமலைக் கோயிலின் சிற்றறையொன்றில், குடைநிழலில் ஒயிலாக நிற்கும் உமையின் உருவம் எஞ்சியுள்ளது. பல்லவர் ஓவியம் என்று காட்டுவதற்குத் தமிழகத்தில் எஞ்சியவை மிகச் சில. அவற்றுள் இது ஒன்று. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகச் சுண்ணப் பூச்சு உதிர்ந்து உதிர்ந்து, இன்றுள்ள கோடுகளே மிச்சம். இத்தகைய ஓவியத்தின்மீது பிளாஷ் ஒளியைப் பாய்ச்சுதல் தகாது. மத்தியத் தொல்லியல் துறையின் காப்பிலுள்ள இடங்களில் முக்காலி நாட்டிப் படமெடுக்க முன்னனுமதியும் வேண்டும். அனுமதி பெறாதவர் கையில் ஏந்தியே எடுத்தாக வேண்டும். அதற்கு ஒளியுணர்திறனாகிய ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் படத்தில் புள்ளி மண்டும். ஒரே காலத்துக் கருவிகளை ஒப்பிட்டால், சிறிய ஒளியுணரி 1600இல் தரும் தூய்மையை முழுச்சட்டம் ஏறத்தாழ 3200இல் தருகிறது. முழுச்சட்டத்துக்குக் கொடுக்கும் கூடுதல் விலை இங்கே பயன் தருகிறது. நிறம் பிறழாதிருக்க ஒரு சாம்பல் அட்டையை அதே ஒளியில் வைத்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுதல் நன்று. இருபது ஆண்டுக்குப் பின் ஒருவர் அதே சுவரை எடுத்து ஒப்பிடும்போது, சாயம் மங்கியதா, படம்தான் மங்கலா என்னும் ஐயத்தை அந்த அட்டையே தீர்க்கும்.

மூன்றாவது, கூத்து. இந்நிலப்பகுதி தெருக்கூத்தின் தாய்மண்களுள் ஒன்று. திரௌபதியம்மன் விழாவில் இரவு தொடங்கி விடியும்வரை ஆடப்பெறும் கூத்தில் ஆட்டக்காரர் ஒரு கணமும் நில்லார். குழல்விளக்கின் கீழ் கிரீடமும் புயக்கட்டையும் மின்ன, சுழன்றாடும் அவரை அசைவின்றிப் பிடிக்க விநாடியில் 250இல் ஒரு பங்காவது வேண்டும். 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 என்னும் எளிய லென்சும், ஐ.எஸ்.ஓ. 3200 அல்லது 6400ஐத் தாங்கும் முழுச்சட்டமும் சேர்ந்தால் இது கைகூடும். முக்காலி இங்கே பயன்படாது; அது நடுக்கத்தை நிறுத்துமேயன்றி ஆட்டக்காரரை நிறுத்தாது.

நான்காவது, நீர்நிலை. திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் வரை சென்றால் கழுவேலி விரிந்து கிடக்கிறது. 2021இல் பறவைகள் காப்பிடமாகவும் 2024இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பெற்றது அது. வலசைக் காலத்தில் அங்கே பறவைகள் தொலைவில்தான் இறங்கும். கிட்டே சென்றால் எழுந்துவிடும். இங்கே முழுச்சட்டத்தின் பெருமை குறைகிறது. 300 மில்லிமீட்டர் லென்ஸ் சிறிய ஒளியுணரியில் 450 மில்லிமீட்டருக்குரிய காட்சியைத் தரும். முழுச்சட்டத்தில் அதே அளவு பறவையைக் காட்ட வேண்டுமாயின் மேலும் நீண்ட, மிகுந்த எடையும் விலையும் உடைய லென்ஸ் தேவை. பறவையே தம் பாடுபொருள் என்போர் சிறிய ஒளியுணரிக் காமிராவும் நல்ல நெடுந்தொலைவு லென்சும் வாங்குதலே அறிவுடைமை. மரக்காணத்து உப்பளத்திலோ எந்தக் காமிராவும் ஏமாறும். உப்பின் வெண்மையைச் சாம்பல் நிறம் என்று கணக்கிட்டு அது படத்தை இருட்டாக்கும். ஒளியளவை ஒரு படியேனும் கூட்டி வைத்தால்தான் வெண்மை வெண்மையாகும்.

எண்களின் மயக்கம்

மெகாபிக்சல் மிகுதியே மேன்மை என்பது பரவலான மயக்கம். டெமி அளவுள்ள ஒரு விழா மலரில் முழுப்பக்கப் படம் அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் 1650க்கு 2550 புள்ளிகள் போதும். நாற்பத்திரண்டு இலட்சம், அதாவது 4.2 மெகாபிக்சல். மலருக்குப் படம் எடுக்க மட்டும் ஒருவர் முழுச்சட்டம் வாங்குவாராயின், கிணற்று நீர் இறைக்க ஏரிக்கு மதகு அமைத்தவர் ஆவார். 24 மெகாபிக்சல் படத்தை 20 அங்குல நீளத்துக்குத் தெளிவாக அச்சிடலாம். கண்காட்சிச் சுவருக்கும் அது போதுமானது. ஓலைச்சுவடி, கல்வெட்டு, ஓவியம் ஆகியவற்றை நுணுகிப் படிப்பதற்கென எடுப்போருக்கே அதனினும் மிகுந்த எண் பயன்தரும்.

அவ்வகையில் சில கருவிகளைச் சுட்டலாம். கேனான் 6டி (2012) 20.2 மெகாபிக்சல், எடை குறைந்தது, பழைய கருவியாகையால் மலிவாகக் கிட்டும். நிக்கான் டி750 (2014) 24.3 மெகாபிக்சல், இருளிலும் இருட்பகுதியை மீட்பதிலும் வல்லது, கூத்துக்கும் குடைவரைக்கும் ஒருங்கே பொருந்துவது. கேனான் 5டி மார்க் 4 (2016) 30.4 மெகாபிக்சல், பலவகைப் பணிக்கும் உரியது. நிக்கான் டி850 (2017) 45.7 மெகாபிக்சல், ஆவணப் பணிக்குச் சிறந்தது. ஆனால் ஒரு கிலோ எடை, பெரிய கோப்புகள், அவற்றைத் திறக்க வலிய கணிப்பொறி என்று அது கேட்கும் காணிக்கையும் பெரிது. பென்டாக்ஸ் கே-1 (2016) 36.4 மெகாபிக்சல், உடலிலேயே நடுக்கம் தணிக்கும் பொறி உடையது. ஆயின் அதற்குரிய லென்சுகளும் பழுதுபார்ப்போரும் அருமையாகவே கிடைப்பர்.

பொதுவாக, கையிலுள்ள பொருள் முழுவதையும் காமிரா உடலில் முடக்குதல் தவறு. உடல் சில ஆண்டுகளில் பழமையாகும். நல்ல லென்ஸ் பல உடல்களைக் கண்டு வாழும். விலை மிகுந்த உடலும் மட்டமான லென்சும் கொள்வதைவிட, பழைய உடலும் நல்ல லென்சும் கொள்வது மேல். உறுதியான முக்காலிக்கும் ஒரு பங்கு ஒதுக்குதல் வேண்டும். இன்னொன்றும் நினைவில் நிற்கட்டும். சிற்பத்தின் மூக்கு முதல் பின்சுவர்வரை தெளிவாக வேண்டுமாயின் எஃப் 8, எஃப் 11 என்று துளையைச் சுருக்க வேண்டும். அப்போது ஒளி குறையும். பெரிய ஒளியுணரி தந்த ஆதாயம் அங்கே பெரும்பாலும் கரைந்துபோகும். அனுமதி பெற்று நாட்டிய முக்காலியே அதற்கு மருந்து.

பழைய கருவி வாங்குவோருக்கு

பிறர் கையாண்ட கருவியை வாங்குவோர் ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்று கேட்டறிய வேண்டும். 6டிக்கு ஓர் இலட்சம், டி750க்கும் 5டி மார்க் 4க்கும் ஒன்றரை இலட்சம், டி850க்கு இரண்டு இலட்சம் என்பன உற்பத்தியாளர் சோதித்துக் கூறும் அளவுகள். லென்சை ஒளிக்கு எதிரே பிடித்து உள்ளே பார்த்தல் வேண்டும். சிலந்தி வலை போன்ற இழை தெரிந்தால் அது பூஞ்சை. கடற்காற்று வீசும் இந்நிலப்பகுதியில் அது எளிதில் பற்றும். காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு வைப்பது காக்கும் வழி. வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எஃப் 16இல் ஒரு படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒளியுணரியில் படிந்த தூசு காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குமுன் ஒருநாள் வாடகைக்கு எடுத்து, தாம் செல்லவிருக்கும் குன்றுக்கே கொண்டுசென்று பார்த்தல் நலம். தோள் தாங்குமா என்பதைக் கடைக்கண்ணாடிப் பெட்டி சொல்லாது. பனைமலைப் படிக்கட்டு சொல்லும்.

கவிஞரின் கடமை

முதலில் எழுந்த வினாவுக்கு இனி விடை கூறலாம். மலருக்கும் நினைவுக்கும் படம் எடுப்பவருக்கு முழுச்சட்டம் வேண்டாத செலவே. பறவையை நாடுபவருக்கும் அது இன்றியமையாதது அன்று. இருள் சூழ்ந்த குடைவரை, உதிர்ந்துவரும் ஓவியம், இரவுக் கூத்து ஆகியவற்றைப் பின்வருவோர்க்குக் காத்துவைக்க விரும்புபவருக்கு அது தகும். அதுவும் புதியதாக இருக்கவேண்டும் என்பதில்லை. நண்பர் இருவரும் அவரவர் நிலத்தில் நின்று சொன்னது சரியே. நிலமும் பொழுதும் கேளாமல் விலையை மட்டும் காட்டிய கடைக்காரர் கூற்றே பிழையானது.

கருவியால் செய்ய இயலாத பணி ஒன்று எஞ்சியுள்ளது. செஞ்சிக் கோட்டை 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பெற்றபின் அதனைப் படமெடுப்போர் எண்ணற்றோர். சாலையோரத்துச் சிற்றூரில் ஆலமரத்தடியில் சாய்ந்து கிடக்கும் மூத்ததேவிக்கும், ஏரிக்கரையில் புதையுண்ட நடுகல்லுக்கும் படமெடுப்பார் அரியர். அவற்றை எடுப்போரும் ஊர், நாள், திசை, அளவு என்று எழுதி வைப்பதில்லை. ஆசிரியர் பெயரும் காலமும் அறியாத ஓலையை முன்வைத்துத் தமிழாய்வு பட்ட பாடு இந்த அவைக்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று. குறிப்பில்லாத படமும் அத்தகைய ஓலையே. விருத்தாசலத்துச் சிலையைப் படம் மட்டும் மீட்கவில்லை. படத்தின் அடியில் இருந்த ஊர்ப்பெயரும் சேர்ந்தே மீட்டது.

அந்த ஒரு வரியைப் பிழையின்றி எழுதும் ஆற்றல் கவிஞரிடம் உள்ளது. பத்தாண்டு நிறைந்த இவ்விலக்கிய வட்டத்தில் ஒருவர் நல்ல காமிரா ஒன்று வாங்கினால், அவருடன் குன்றேறி அந்த வரியை எழுத மற்றொருவர் முன்வரட்டும்.